மாட்டுக் காலேஜில் படித்தவன்

சென்ற மாதம் ஒரு நாள் மத்தியானம் இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவரும் மிருக வைத்திய இலாகாவில் புதிதாகச் சேர்ந்தவர்கள். நான் படித்த சென்னைக் காலேஜில்தான் அவர்களும் படித்தார்கள். நான் வாங்கி வந்தது ஒரு சர்ட்டிபிகேட். அவர்களுக்குப் பட்டம் கிடைத்திருக்கிறது. மாட்டு வைத்தியத்துக்கும் இப்போது பட்டம் கொடுக்கிறார்கள் என்று கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பேச்சுவாக்கில் ஒருவர் கேட்டார்: "ஐயா, உங்களுக்கு வக்கீல் படிப்புக்கே வழி இருந்துச்சாமே. அத விட்டுட்டு இங்குட்டு வந்ததுக்கு என்னைக்காவது வருத்தப்பட்டிருக்கீகளா?"

காப்பியை ஆற்றிக்கொண்டே ஏதோ சொல்லிச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. அதை வாயால் சொல்ல எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு ஊர் ஒக்கூர். என் தகப்பனார் புஞ்சை விவசாயி. கண்டனூர்ச் செட்டியார் ஒருவருக்கு எங்கள் ஊரில் நிலம் இருந்தது. அதையும் என் தகப்பனார்தான் பார்த்துக்கொண்டார். நான் சிவகங்கையில் மெட்ரிக்குலேஷன் தேறியதும் செட்டியார் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். மதுரையில் காலேஜில் சேர்ந்து படிக்கட்டும், அதன் பிறகு சென்னையில் சட்டம் படிக்கட்டும், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரங்கூனில் அவருக்குக் கடை இருந்தது, ஓயாத வழக்குகளும் இருந்தன. நம்பிக்கையான ஒரு வக்கீல் அவருக்கு வேண்டியிருந்தது.

அதே கோடையில் எங்கள் உழவு மாடு இரண்டும் மூன்று நாளுக்குள் வெக்கை நோயில் செத்தன. சென்னையில் மாட்டு வைத்தியத்துக்கென்று ஒரு காலேஜ் தொடங்கி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹெட்மாஸ்டர் எனக்காக அதற்கும் ஒரு மனு போட்டிருந்தார். இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. நான் அதையே தேர்ந்தெடுத்தேன். தகப்பனின் மாடுகள் செத்த துக்கத்தில் பிள்ளை அந்தப் படிப்புக்குப் போகிறான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை அதுவல்ல. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கோர்ட்டில் நின்று பேசுவதை நினைத்தாலே கை வியர்க்கும். மாடு கேள்வி கேட்காது. அவ்வளவுதான் காரணம்.

செட்டியார் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தார். "மாட்டுக்குப் படிக்க ஒரு காலேஜா?" என்றார். அந்தச் சிரிப்பு என்னோடு சென்னைக்கு வந்தது. எனக்குத் தருவதாக இருந்த உதவியை என்னோடு ஒரே பெஞ்சில் படித்த நெற்குப்பை அருணாசலத்துக்குக் கொடுத்தார். அருணாசலத்துக்குப் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. சரியான ஆளுக்குத்தான் போயிற்று என்று எனக்கும் பட்டது.

மூன்று வருஷப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குதிரை உதைத்து ஒரு பல் போயிற்று. நாலைந்து நோய்களின் பெயரையும் அவை வந்தால் செய்ய வேண்டியதையும் ஒரு வாத்தியார் தினமும் எங்களை எழுந்து நிற்க வைத்துச் சொல்லச் சொல்வார். அவற்றில் ஒன்று அடைப்பான். இங்கிலீஷில் ஆந்த்ராக்ஸ் என்பார்கள்; மாட்டிலிருந்து மனிதருக்கும் ஒட்டும். நன்றாக நின்ற மாடு திடீரென்று செத்து, மூக்கில் கறுத்த ரத்தம் வழிந்தால் கத்தியை எடுக்காதே. உடம்பைத் திறக்காதே. முதலில் காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடு. கண்ணாடித் துண்டில் தடவி, உலரவிட்டு, ஸ்பிரிட் விளக்கின் சுடரில் மூன்று தரம் காட்டி, நீலச் சாயம் ஊற்றிக் கழுவி, மைக்ராஸ்கோப்பில் பார். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். இதை நான் நூறு தரமாவது சொல்லியிருப்பேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று எந்தக் காலத்திலும் நான் சொல்ல முடியாது.

சில வருஷங்கள் வெளியூர்களில் இருந்துவிட்டுக் காரைக்குடிக்கு மாற்றலாகி வந்தேன். எனக்கு மேலதிகாரி மதுரையில் இருந்த ராவ் என்ற இன்ஸ்பெக்டர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். மெலிந்த உடம்பு, மூடிய கோட்டு. ஜட்கா வண்டியில் வரும்போது மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவார். இறங்கும்போதும் வேறு யாரையும் தொட விடமாட்டார். நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டுகளைக் கடைசி வரியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போவார். முடிவை முதலில் படித்தால், அதற்கு ஆதாரம் மேலே இருக்கிறதா என்று தேடலாம் அல்லவா? திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். சந்தேகம் வந்த வரியில் விரலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது நீர் பார்த்ததா, நினைத்ததா?" நினைத்தது என்று ஒப்புக்கொண்டால் அந்த வரியை நம் கையாலேயே அடிக்கச் சொல்வார். அவர் வந்து போன பிறகு என் ரிப்போர்ட்டுகள் பாதியாகச் சுருங்கிக் கிடக்கும்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் செத்த மாடுகளை அப்புறப்படுத்துவதற்குக் காத்தான் என்று ஒருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அன்றைக்கு நான் அவரை 'வா, போ' என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது கை அப்படி எழுத மறுக்கிறது. பேசவே மாட்டார். எந்த மாட்டின் தோலையும் கத்திக் கீறல் படாமல் உரித்தெடுக்கும் கை அவருடையது.

நான் வந்த நாலாம் மாதம் கண்டனூரிலிருந்து ஆள் வந்தது. செட்டியாரின் வில்வண்டிக் காளைகளில் ஒன்று விடிகாலையில் செத்துக் கிடக்கிறது, உடனே வரவேண்டும் என்றார்கள். காத்தானையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

செட்டியார் வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே, கொட்டிலில், வெள்ளைக் காளை சாய்ந்து கிடந்தது. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். போலீஸ் சப் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். ரங்கூன் போய்விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்த செட்டியார் மேல்துண்டும் இல்லாமல் நின்றார். பத்து நாளைக்கு முன்னால் வண்டிக்காரர் கருப்பையாவை வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார். போகும்போது கருப்பையா வாசலில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போனாராம். குன்றிமணி விஷத்தை முள் போன்ற ஊசியாகச் செய்து மாட்டின் தோலுக்குள் இறக்கிக் கொல்லுவது அந்தக் காலத்தில் நடந்ததுதான். எல்லார் மனத்திலும் அதுதான் இருந்தது.

செட்டியார் என்னைப் பார்த்து, "நீ படிச்ச காலேஜுல இதெல்லாம் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுத்தாகளா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் என் காதில் பழைய சிரிப்புத்தான் விழுந்தது.

காளையின் மூக்கில் கறுத்த ரத்தம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். கண்ணாடித் துண்டும் ஊசியும் என் பையில் இருந்தன. மைக்ராஸ்கோப் மட்டும் காரைக்குடியில் இருந்தது; போய்ப் பார்த்துவிட்டு வர அரை நாள் ஆகும். அரை நாள் கழித்து வந்து சொன்னால் அந்தக் கூட்டம் நிற்குமா? காத்தானைக் கூப்பிட்டு அறுக்கச் சொன்னேன்.

தொடையில் ஒரு வீக்கம் இருந்தது. அதைக் கீறியபோது உள்ளிருந்து ஒரு விரற்கடை நீளத்தில் கறுப்பாக ஒன்று இடுக்கியில் மாட்டிக்கொண்டு வந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தேன். கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. செட்டியார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி ஒரு பார்வைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கே தெரிந்தது. அங்கேயே ஒரு பெட்டியின்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன்: தோலுக்குள் விஷ ஊசி செலுத்தப்பட்டதால் மரணம். கருப்பையாவை அன்று சாயங்காலமே பிடித்துக்கொண்டு போய் லாக்கப்பில் வைத்தார்கள்.

மூன்றாம் நாள் காத்தான் வேலைக்கு வந்தபோது முன்கையில் ஒரு கொப்புளம் இருந்தது. நடுவில் கரி வைத்ததுபோல் கறுத்து, சுற்றிலும் வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏதோ முள் கீறியிருக்கும் என்று நினைத்து அயோடின் தடவிக் கட்டுப்போட்டு அனுப்பினேன். நாலாம் நாள் அவர் வரவில்லை. ஆறாம் நாள் காலையில் அவர் இறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னது. ஜுரம் என்றார்கள்.

ஏழாம் நாள் செட்டியாரின் இரண்டாவது காளை செத்தது.

கருப்பையா அப்போது லாக்கப்பில் இருந்தார். கண்டனூருக்குப் போகிற வழியெல்லாம் மனத்தில் அது ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டிலில் போய்ப் பார்த்தால் அதே மூக்கு, அதே கறுத்த ரத்தம். யாரும் கிட்டே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு திரும்பினேன். ஆஸ்பத்திரி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுடரில் காட்டி, சாயம் ஊற்றி, கழுவிப் பார்த்தேன். கணுக்கணுவாக நறுக்கிய கரும்புத் துண்டுகளை வரிசையாக அடுக்கியதுபோல நீலமாக நின்றன. பாடப் புத்தகத்துப் படத்தில் எப்படி இருந்ததோ, ஒரு கோடு மாறாமல் அப்படியே.

எவ்வளவு நேரம் அந்தக் குழாயில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. கண்ணை எடுத்தால் காத்தானின் கையை நினைக்க வேண்டியிருக்கும். அதனாலேயே எடுக்காமல் இருந்தேன் போலிருக்கிறது. அந்த உடம்பை அறுக்கச் சொன்னது நான். அந்தக் கையைத் தொட்டுக் கட்டுப்போட்டு அனுப்பியதும் நான்.

தந்தி கொடுத்தேன். ராவ் மறுநாளே வந்துவிட்டார். என் கண்ணாடித் துண்டைத் தம்முடைய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு நான் பாதுகாத்து வைத்திருந்த விஷ ஊசியைக் கேட்டார். வெந்நீரில் போட்டுத் துணியால் துடைத்துப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். கருவேல முள். பட்டை கூட உரியாத கருவேல முள். என் ரிப்போர்ட்டின் நகலை எடுத்து, வழக்கம்போல் கீழேயிருந்து மேலே படித்தார். விரலை எந்த வரியிலும் வைக்கவில்லை. எதையும் கேட்கவுமில்லை. காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்து உம்முடையது. மாற்றுவதாக இருந்தால் நீரேதான் கோர்ட்டில் நின்று மாற்ற வேண்டும். எனக்குத் தெரிந்ததை நான் மேலே எழுதுவேன். உமக்காக ஒரு வார்த்தை கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அன்றே கண்டனூருக்குப் போய்க் காளையை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்கச் செய்தார். முதல் காளையை அறுத்த இடத்து மண்ணையும் தோண்டி எரிக்க வைத்தார். காத்தான் வீடு எங்கே என்று கேட்டு அங்கேயும் தனியாகப் போய்விட்டு வந்தார். என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மத்தியானம் அருணாசலம் என்னைத் தேடி வந்தான். அவன் இப்போது பேர்பெற்ற வக்கீல். போலீஸ் தரப்புக்கு ஒத்தாசையாகச் செட்டியார் அவனைத்தான் அமர்த்தியிருந்தார். தோளில் கைபோட்டுப் பழைய கதையெல்லாம் பேசினான். பிறகு விஷயத்துக்கு வந்தான். இரண்டாவது மாடு நோயில் செத்திருக்கலாம். அதற்காக முதல் மாடும் நோயில் செத்தது என்று யார் சொல்ல முடியும்? அது மண்ணுக்குள் போய்விட்டது. ஆகவே நான் முதலில் எழுதியதை அப்படியே சொல்லிவிட்டு இறங்கினால் போதும் என்றான். கருப்பையாவுக்கு வக்கீல் யாரும் இல்லை. குறுக்கே கேள்வி கேட்கவும் ஆளில்லை.

அது கருவேல முள் என்று சொன்னேன். காத்தான் எதனால் செத்தார் என்றும் சொன்னேன்.

"அத யாரும் உன்கிட்டக் கேக்கப் போறதில்லையேப்பா," என்றான். "கேக்காததுக்கு நீ ஏன் பதில் சொல்ற? செட்டியார் எனக்குப் படிப்புக் குடுத்தவுக. அவுக சொல்லி ஒண்ணு நான் இல்லைன்னு சொன்னதில்லை. நீ என் இடத்துல இருந்தா நீயும் இதத்தான் செய்வ."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவனுடைய முகத்தில் எனக்கு நல்லது செய்கிற பிரியம்தான் இருந்தது. அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அவன் நின்ற இடம் எனக்காக ஒதுக்கியிருந்த இடம். மதுரைக்குப் போயிருந்தால் அந்த வக்கீல் கோட்டைப் போட்டுக்கொண்டு, இதே பிரியத்தோடு, இதே வார்த்தைகளை நான் வேறொருவனிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லியிருக்கமாட்டேன் என்று நினைக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஒரு பார்வைக்காகக் கத்தியை எடுக்கச் சொன்னவன் நான். எந்தக் காலேஜுக்குப் போயிருந்தாலும் போயிருப்பவன் அதே ஆள்தானே?

மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஏறி நின்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கொடுத்தார்கள். முதல் ரிப்போர்ட் தவறு என்றும், காளை அடைப்பானில்தான் செத்தது என்றும் சொன்னேன். செட்டியார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அருணாசலம் எழுந்தான். எனக்கு அவனைவிட்டால் கேள்வி கேட்க ஆளில்லை. ஆனால் அவன் ஒருவனே போதும்.

எந்தக் காலேஜில் படித்தீர், எத்தனை வருஷம் படித்தீர் என்று ஆரம்பித்தான். சொன்னேன். உடம்பைத் திறப்பதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்டான். கொடுத்தார்கள் என்றேன். சொல்லிக் கொடுத்தும் பார்க்காதவர் இன்றைக்குச் சொல்வதை மட்டும் கோர்ட் எப்படி நம்புவது, அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்றான்.

"செட்டியார் முன்னால என் படிப்பக் காட்டணும்னு நெனச்சேன்," என்றேன். எழுதி வைத்துக்கொண்டு போன பதில் அல்ல. வாயில் வந்துவிட்டது.

அருணாசலம் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கையிலிருந்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டே நின்றுவிட்டு உட்கார்ந்தான். ராவும் சாட்சி சொன்னார், முள்ளைக் காட்டினார். கருப்பையாவை விட்டுவிட்டார்கள். அவர் என்னைக் கடந்து போகும்போது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று நான் எப்படி எதிர்பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. செட்டியார் வெளியே வந்து வண்டி ஏறுவதற்கு முன், "எனக்குக் காட்டவா அறுத்த?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. இலாகாவில் என் பதவி உயர்வை நிறுத்தி வைத்தார்கள். அது நியாயம்தான்.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருந்தது. ஒரு வாரம் போகாமல் தட்டிக் கழித்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் காத்தான் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முத்தாயி வாசலில் உட்கார்ந்து கூடை முடைந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நானும் நின்றுகொண்டே சொன்னேன். உங்கள் புருஷன் ஜுரத்தில் சாகவில்லை. அந்த மாட்டின் நோய் அவருக்கு ஒட்டிக்கொண்டது. அந்த மாட்டை அறுத்திருக்கவே கூடாது. அறுக்கச் சொன்னது நான் செய்த தப்பு.

"தெரியுமய்யா," என்றார் முத்தாயி.

ராவ் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பெரிய ஐயா வந்து சொன்னாரா என்று கேட்டேன்.

"அவுகளும் வந்து சொன்னாக. ஆனா எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும். அன்னைக்குப் பொழுதடைய வீட்டுக்கு வந்தப்பவே எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டாக. ரத்தம் உறையல, மண்ணீரலு இந்தத் தண்டி வீங்கிக் கெடந்துச்சு, இது அடைப்பான்னாக. எங்க மாமனாரு காலத்துல ஒருதடவ இப்படி வந்துச்சாம். அறுக்காமப் பொதைக்கணுமாம்."

ஏன் அதை அவர் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'அவுக பட்டணத்துல காலேசு படிச்சவுக. அவுகளுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது, நாந்தான் தப்பா நெனச்சிருப்பேன்'னாக."

வெயில் தலைக்கு மேலே நின்றது. முத்தாயி முடைந்த கூடையை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். இவுக சொன்னது சரிதானா?"

"சரிதான்," என்றேன். "அவுக சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு."

"அத ஒரு தாளுல எழுதிக் குடுப்பீகளா?"

சட்டைப்பையில் இருந்த குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுவரில் வைத்து எழுதினேன். கண்டனூரில் செத்த காளைக்கு வந்த நோய் அடைப்பான் என்று முதலில் கண்டறிந்தவர் காத்தான். அவர் கண்டது சரி. கீழே கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே படித்த காலேஜைக் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பிறகு தாளை வாங்கிக்கொண்டு, இதில் அவருடைய பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்து, மை கலைந்துவிடுமோ என்று உடனே எடுத்துக்கொண்டார்.